கடற்கரை ஊரில் கைவினை அறை: எந்தப் பெட்டி தாங்கும், எது தாங்காது

ஆரி வேலை, சில்க் த்ரெட் வளையல், குவில்லிங் (காகிதப் பட்டையைச் சுருட்டிச் செய்யும் வேலை), டெரகோட்டா நகை, தையல் என்று புதுச்சேரியிலும் கடலூரிலும் வீட்டிலிருந்தபடியே வேலை செய்பவர்கள் நிறையப் பேர். சாமான் பெருகப் பெருக அறை கலைந்துபோகும். உடனே போனில் பார்த்த வெள்ளை டிராலியும், கருவி மாட்டத் துளை போட்ட சுவர்ப்பலகையான பெக்போர்டும் வாங்கிவிடத் தோன்றும். அங்கேதான் பணம் வீணாகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஓதம் ஏறும். மற்ற மாதங்களில் கடல்காற்று உப்பைக் கொண்டுவந்து இரும்பின் மேல் பூசிவிட்டுப் போகும். படத்தில் பளிச்சென்று இருக்கும் சாமான்களில் பாதி இந்தக் காற்றுக்கு ஆகாதவை.

அதனால் எல்லாப் பொருளையும் ஒரே அளவுகோலில்தான் பார்த்திருக்கிறோம். மூடி இறுக மூட வேண்டும். திறக்காமலே உள்ளே இருப்பது தெரிய வேண்டும். துருப்பிடிக்கும் இடம் குறைவாக இருக்க வேண்டும். தரையிலிருந்து எழும்பி நிற்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது 24 மணி நேரத்தில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாழ்வான தெருக்களில் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. துணியும் அட்டையும் கீழ்த்தட்டில் இருந்தால் ஒரே ராத்திரியில் எல்லாம் போய்விடும்.

கடைக்குப் போகும் முன்

பெட்டி வாங்கிவிட்டுச் சாமானைப் பிரிப்பது தலைகீழ் வேலை. முதலில் எல்லாவற்றையும் பாயில் கொட்டி வகை பிரியுங்கள்: மணி, நூல், துணி, காகிதம், பசை-பெயின்ட், கருவி. ஒவ்வொரு வகையிலும் ஆகப் பெரிய சாமானை ஸ்கேலால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கடைக்காரர் சொல்லும் அளவு வெளி அளவு. பிளாஸ்டிக் பெட்டி அடிப்பக்கம் குறுகிக்கொண்டே போவதால் உள்ளே, அடியில், 2 முதல் 3 சென்டிமீட்டர் குறையும். ஏ4 தாள் 21 x 29.7 செ.மீ. என்றால் பெட்டியின் அடிப்பகுதி குறைந்தது 22 x 31 இருக்க வேண்டும். 12 அங்குலக் கார்டு ஷீட் 30.5 செ.மீ.; அதற்கு 32 செ.மீ. அடி தேவை. "ஏ4 பெட்டி" என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்பதில் சிலவற்றில் தாள் மேல்பாதியில்தான் நிற்கும், அடிவரை இறங்காது, ஓரங்கள் மடங்கிவிடும். ஒரு தாளைக் கையோடு எடுத்துப்போய் போட்டுப் பார்ப்பதில் வெட்கமே வேண்டாம்.

துணிக்கும் இதே கணக்குதான். 90 செ.மீ. அகலமுள்ள 1 மீட்டர் ரவிக்கைத் துணியை அகலவாக்கில் நான்காகவும் நீளவாக்கில் எட்டாகவும் மடித்தால் 22.5 x 12.5 செ.மீ. பொட்டலம் ஆகும். இதைப் படுக்கவைத்து அடுக்காமல், புத்தகம் போல் நிறுத்தி அடுக்கினால் எல்லா நிறமும் மேலிருந்து தெரியும், ஒன்றை உருவ மற்றவை சரியாது. உள்ளுயரம் 14 செ.மீ. உள்ள பெட்டி இதற்குச் சரியாகப் பொருந்தும். 30 செ.மீ. ஆழப் பெட்டி வாங்கினால் அடியில் கிடக்கும் துணியை அடுத்த தீபாவளிவரை யாரும் பார்க்கப்போவதில்லை.

36 அறைப் பெட்டி

ஃபேன்சி ஸ்டோரில் 100 முதல் 200 ரூபாய்க்குள் கிடைக்கும் இந்தப் பெட்டியைத்தான் மணிவேலை செய்பவர்கள் அதிகம் வாங்குகிறார்கள். நல்ல பொருள்தான், ஆனால் இரண்டு ரகம் இருக்கிறது. ஒன்றில் தடுப்புகள் பெட்டியோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும். இன்னொன்றில் தடுப்பைக் கழற்றி மாட்டலாம். கழற்றுவதுதான் வசதி என்று எல்லோரும் அதையே எடுப்பார்கள். பாசிமணிக்கு அது ஆகாது.

காரணம் இது. கழற்றும் தடுப்பு ஒரு பள்ளத்தில் செருகி நிற்கிறது. அதன் அடிக்கும் பெட்டியின் தரைக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி இருக்கும். தடுப்பு கொஞ்சம் வளைந்தால் அது இன்னும் அகலும். மணியின் எண் ஏற ஏற அளவு சிறுக்கும்: 8 எண் மணி சுமார் 3 மில்லிமீட்டர், 11 எண் சுமார் 2, 15 எண் சுமார் 1.5. பெட்டியைச் சாய்த்து எடுத்துப்போகும்போது 15 எண் மணி அந்த அடியிடைவெளியில் நுழைந்து பக்கத்து அறைக்குப் போய்விடும். மேலேயும் அதே கதை. மூடியின் உள்பரப்புக்கும் தடுப்பின் விளிம்புக்கும் நடுவே சந்து இருந்தால், பெட்டி கவிழ்ந்தவுடன் 36 நிறமும் ஒன்றாகிவிடும். அதைப் பொறுக்கிப் பிரிக்க உட்காருவதைவிட மணியைப் புதிதாக வாங்கிவிடலாம்.

கடையிலேயே சோதித்துவிடலாம். 15 எண் மணி ஒரு சிட்டிகை எடுத்துப்போய் மூலை அறையில் போட்டு, மூடி, பக்கவாட்டில் நிறுத்திக் குலுக்குங்கள். ஒரு மணி நகர்ந்தாலும் அந்தப் பெட்டி மணிக்கு வேண்டாம். பட்டன், ஜிமிக்கித் தளம், ஹூக் வைத்துக்கொள்ளலாம். நிலைத்தடுப்புப் பெட்டியிலும் மூடிச்சந்து இருந்தால் அதற்கு எளிய வழி உண்டு: 2 மி.மீ. ஃபோம் ஷீட்டை மூடியின் உள்ளளவுக்கு வெட்டி ஒட்டுங்கள். மூடும்போது ஃபோம் தடுப்புகளின் மேல் அமுங்கி உட்காரும். 2 மி.மீ. ஒட்டியும் மூடி கிளிப் ஏறவில்லை என்றால் 1 மி.மீ. போதும், அமுக்கி மூடினால் கீல் சீக்கிரம் உடையும்.

கீல்தான் இந்தப் பெட்டியின் உயிர்நாடி. கண்ணாடி போல் தெளிவாக, விரலால் தட்டினால் கணீரென்று ஒலித்தால் அது பெரும்பாலும் பாலிஸ்டைரீன். பார்க்க அழகு, ஆனால் கீல் பட்டென்று முறியும், கீழே விழுந்தால் மூலை சில்லுசில்லாகும். பால் கலந்தாற்போல் கொஞ்சம் மங்கலாக, வளைத்தால் வளைவது பாலிப்ரொப்பிலீன். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருக்கும். 6 என்றால் பாலிஸ்டைரீன். பாலிமர் களிமண்ணில் நகை செய்பவர்கள் இந்த எண்ணைப் பார்க்காமல் வாங்கவே கூடாது. அந்தக் களிமண்ணில் இருக்கும் இளக்கும் ரசாயனம் பாலிஸ்டைரீனைக் கரைத்து, பெட்டியும் களிமண்ணும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிசுபிசுத்துவிடும். 5 எண் பெட்டியில் அந்தத் தொல்லை இல்லை.

வேலை செய்யும்போது மடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள இந்தப் பெட்டியைவிட நம் வீட்டு அஞ்சறைப் பெட்டி எவ்வளவோ மேல். கிண்ணத்தின் அடி வளைவாக இருப்பதால் கடைசி மணிவரை ஊசிக்குச் சிக்கும்; சதுர அறையின் மூலையில் மணி பதுங்கிக்கொள்ளும். ஏழு கிண்ணம் என்பது ஒரு ரவிக்கை டிசைனுக்குத் தேவையான சமிக்கி, ட்யூப் மணி, சுகர் பீட்ஸ், கல் எல்லாவற்றுக்கும் போதும். எவர்சில்வரில் 304 ரகம் கேளுங்கள். விலை குறைந்த 202 ரகத்தில் நிக்கல் குறைவு, உப்புக்காற்றில் புள்ளிப்புள்ளியாகத் துரு காட்டும். காந்தம் ஒட்டவில்லை என்பதை மட்டும் வைத்து 304 என்று நம்பிவிட வேண்டாம், 202-ம் பெரும்பாலும் ஒட்டாது. மூடிக்கும் கிண்ண விளிம்புக்கும் இடைவெளி இருக்கும் என்பதால் இதை வேலைத்தட்டாக மட்டும் வையுங்கள். வேலை முடிந்ததும் மணியைப் பெட்டிக்கே திருப்பிவிடுவதுதான் நல்லது.

மூன்று தட்டு டிராலி

இதை நாங்கள் சிபாரிசு செய்யமாட்டோம், ஒரே ஒரு பயன்பாட்டைத் தவிர.

இரும்புக் கம்பிவலை டிராலியில் பவுடர் கோட்டிங் முதலில் பெயர்வது வெல்டிங் முனைகளில். அங்கே ஈரம் இறங்கி, சில மாதங்களில் காவி நிறத்தில் கசியும். அந்தக் கறை வெள்ளைத் துணியில் பட்டால் போகாது. வலைக்கண் வழியாகப் பட்டன், ஊசி, ஜம்ப் ரிங் (நகை கோக்கும் சின்ன வளையம்) எல்லாம் கீழே உதிரும். மேல் திறந்தே இருப்பதால் தூசி, பல்லி எச்சம். கீழ்த்தட்டு தரையிலிருந்து ஒரு சாண்கூட இருக்காது, மழைத்தண்ணீர் வந்தால் முதலில் நனைவது அதுதான். சக்கரமும் தையல் அறைக்குப் பொருந்தாதது: வெட்டிப்போட்ட நூல் அச்சில் சுற்றிச் சுற்றி இறுகி, ஒரு சக்கரம் உருளாமல் இழுபடும். டிராலியைக் கவிழ்த்து, பிளேடால் நூலைக் கீறி, ட்வீசரால் உருவித்தான் எடுக்க வேண்டும். சக்கரம் சிறியதாக இருந்தால் பழைய வீடுகளின் வாசற்படி இடுக்கிலும் டைல்ஸ் சந்திலும் மாட்டிக்கொள்ளும்.

நடந்துகொண்டிருக்கும் ஒரே ஆர்டரின் சாமான்களை மேசைக்கும் கட்டிலுக்கும் நடுவே நகர்த்த மட்டும் இது உதவும். அதற்கும் கம்பிவலையை விட்டுவிட்டு முழு பிளாஸ்டிக் டிராலி எடுங்கள். ஏற்கெனவே இரும்பு வாங்கிவிட்டவர்கள் வெல்டிங் முனைகளில் துரு தடுக்கும் பிரைமர் ஒரு கோட், எனாமல் ஒரு கோட் அடித்து, ஒவ்வொரு தட்டுக்கும் ரெக்ஸின் வெட்டிப் போட்டுவிட்டால் கொஞ்ச காலம் ஓட்டலாம். கனமானவை கீழ்த்தட்டில் இருக்கட்டும், மேல்தட்டில் பசை பாட்டில்களை ஏற்றினால் திருப்பும்போது சாயும்.

பெக்போர்டு

கத்தரி, ஹூப் (துணியை இறுக்கும் வளையம்), கட்டர், பிளையர் எல்லாம் கண்ணெதிரே தொங்குவது உண்மையிலேயே வேலையை வேகப்படுத்தும். கெடுப்பது மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகைதான். ஈரம் பட்டால் துளைகளின் ஓரம் உப்பும், ஹூக் ஆடத் தொடங்கும், பிறகு துளையே பிய்ந்துவிடும். கறையான் உள்ள வீடு என்றால் கேட்கவே வேண்டாம். பி.வி.சி. அல்லது பிளாஸ்டிக் பலகை இங்கே நன்றாகத் தாங்குகிறது. இரும்புப் பலகை வாங்கினால் துளைகளின் உள்விளிம்பிலும் கோட்டிங் ஏறியிருக்கிறதா என்று விரல்நகத்தால் தொட்டுப் பாருங்கள்.

மாட்டும்போது சுவருக்கும் பலகைக்கும் இடையே குறைந்தது அரை அங்குலம் விட வேண்டும். ஹூக்கின் கொக்கி பின்னால் திரும்ப இடம் வேண்டும், ஓதச்சுவருக்கும் பலகைக்கும் நடுவே காற்றும் ஓட வேண்டும். பிரெஞ்சுப் பகுதியிலும் அதைச் சுற்றியும் உள்ள பழைய வீடுகளில் சுவர்ப்பூச்சு சுண்ணாம்பு. அதில் 1 அங்குல ஸ்க்ரூ போட்டால் பூச்சு பொடியாகி, பலகை கழன்று வந்துவிடும். பூச்சைத் தாண்டிச் செங்கல்வரை டிரில் இறங்க வேண்டும். 3 அங்குல ஸ்க்ரூ, அதற்கேற்ற நீள பிளக். தெற்கு, மேற்குச் சுவர் வெயில் பட்டுக் காயும் என்பதால் அங்கே மாட்டுவது நல்லது. குளியலறையை ஒட்டிய சுவரில் மாட்டவே வேண்டாம்.

நூல்கண்டுகளைப் பெக்போர்டில் வரிசையாக மாட்டும் படங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில் சில்க் த்ரெட்டின் சிவப்பும் ரோஸும் வெளுக்கும். வாடிக்கையாளர் கொடுத்த புடவையோடு ஷேடு பொருந்தாமல் போவது இப்படித்தான். நூல் மூடிய பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும்.

ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக்

ஓர் அறையில் ஒரே ஒரு பொருளுக்குப் பணம் போட முடியும் என்றால் இதற்குப் போடுங்கள். கடையில் ஃபைல் அடுக்கப் பயன்படும் சாதாரண துளை ஆங்கிள் ரேக்தான். தட்டின் உயரத்தை நம் பெட்டிக்கு ஏற்ப மாற்றலாம், மரம் இல்லாததால் கறையானுக்குத் தீனி இல்லை, எப்போது வேண்டுமானாலும் கழற்றி வீடு மாற்றலாம்.

6 அடி உயரம், 3 அடி அகலம், 1 அடி ஆழம் போதும். ஆழம் ஒன்றரை அடி எடுக்காதீர்கள். எல்லோரும் பெரியதுதான் லாபம் என்று அதையே எடுக்கிறார்கள். முன்னால் ஒரு வரிசை, பின்னால் ஒரு வரிசை என்று ஆகி, பின்வரிசை மறந்தே போகிறது. இருக்கும் சாமானையே மறுபடி வாங்குவது இப்படித்தான் தொடங்குகிறது. தகடு 22 கேஜ் வீட்டுக்குப் போதும், களிமண் மூட்டை, காகிதத்தை வடிவமாக வெட்டும் டை கட்டிங் மெஷின் வைப்பவர்கள் 20 கேஜ் கேளுங்கள். கேஜ் எண் குறையக் குறையத் தகடு கனம். மூலைகளில் முக்கோண பிளேட் இல்லாமல் மாட்டித்தந்தால் ரேக் ஆடும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

துரு எங்கே பிடிக்கும் என்று பார்த்தால், ஆங்கிளை நீளத்துக்கு வெட்டிய முனையில்தான். பெயின்ட் இல்லாத பச்சை இரும்பு அங்கே வெளியே தெரியும். மாட்டும் முன்பே எட்டு முனைகளிலும் பிரைமரும் எனாமலும் தடவிவிட்டு, காலுக்குப் பிளாஸ்டிக் ஷூ போட வேண்டும். முதல் தட்டு தரையிலிருந்து 1 அடி உயரத்தில். அதற்குக் கீழே நனைந்தாலும் கவலையில்லாதவை மட்டும்: ஆரி ஸ்டாண்டின் கால், டெரகோட்டா அச்சு, காலி டப்பா. சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளி நிறுத்துங்கள், ஆனால் மேல்முனையை ஒரு ஆங்கிள் துண்டால் சுவரோடு பிணைத்துவிடுங்கள். குழந்தைகள் தட்டில் ஏறும் வீட்டில் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

கனமானது இடுப்பு உயரத் தட்டில், தினமும் எடுப்பது கண்ணுக்கு நேர், வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கும் கொலு சாமான் உச்சியில்.

கிளிப் மூடிப் பெட்டியும் ஈரமும்

ரேக்கில் அடுக்கச் சிறந்தது நான்கு பக்கமும் கிளிப்பும், மூடிக்குள் ரப்பர் வளையமும் உள்ள தெளிவான பெட்டி. ரப்பர் வளையம் இல்லாதவை தூசியைத் தடுக்கும், ஈரத்தைத் தடுக்காது. இழுப்பறை போல் வரும் பிளாஸ்டிக் டிராயரும் அப்படித்தான். முன்பக்கச் சந்து வழியாகக் காற்று தாராளமாகப் போய்வரும். கத்தரி, அளவு டேப், பாபின் வைக்க அது போதும், காகிதத்துக்கும் ஜரிகைக்கும் வேண்டாம்.

இறுக மூடும் பெட்டியில் செய்யும் பெரிய தவறு, மழைநாளில் சாமானை உள்ளே வைத்து மூடுவது. துணியும் காகிதமும் ஏற்கெனவே குடித்த ஈரத்தோடு உள்ளே போய், வெளியே வர வழியில்லாமல் பூஞ்சை பிடிக்கும். சித்திரை, வைகாசி வெயில்நாளில், நண்பகலில் அடுக்குங்கள். 20 லிட்டர் பெட்டிக்கு 50 கிராம் சிலிகா ஜெல், துணிப்பையில் கட்டிப் போடுங்கள். ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு மாறும் ரகம் நல்லது. நீலத்திலிருந்து ரோஸுக்கு மாறுவதில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, குழந்தை உள்ள வீட்டுக்கு அது வேண்டாம். நிறம் மாறியதும் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் ஓவனில் வைத்தால் பழையபடி வேலை செய்யும். வெயிலில் உலர்த்தினால் போதும் என்பார்கள். கடற்கரைக் காற்றிலேயே ஈரம் இருப்பதால் முழுதாக மீளாது.

புதுச்சேரி எஸ்.வி. பட்டேல் சாலையில் 1959-இல் தொடங்கிய அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடத்துத் தாள்களை வாங்கி வேலை செய்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பருத்தி நாரில் செய்த தாள் ஈரத்தை வேகமாக இழுக்கும், சுருட்டி வைத்தால் அந்த வளைவிலேயே நின்றுவிடும். தட்டையாக, மேலே ஒரு பலகையின் கனத்தோடு, மூடிய பெட்டியில் இருக்கட்டும். குவில்லிங் பட்டைகளை 3, 5, 7, 10 மி.மீ. என்று அகலவாரியாகத் தனித்தனி ஜிப் கவரில் போட்டு நிறுத்துங்கள். நிறவாரியாக மட்டும் பிரித்தால் 3-ம் 5-ம் கலந்து, பூவின் இதழ் உயரம் கோணலாகும். வெள்ளிப்பூச்சி பசையும் மாவுச்சத்தும் உள்ள காகிதத்தைத் தேடிவரும். ஆன்லைன் பார்சல் வந்த அட்டைப்பெட்டியிலேயே காகிதத்தை வைத்திருப்பது அதற்கு வீடு கட்டிக் கொடுப்பதுதான்.

ஜரிகைக்கு ஒரு எச்சரிக்கை. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள். ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளி, செம்பு கலந்த ஜரிகையைக் கறுக்கவைக்கும். பேண்ட் பட்ட இடத்தில் சரியாக ஒரு கோடு விழும், அந்தப் பாகத்தை வெட்டித்தான் எறிய வேண்டும். பருத்தி நூலால் கட்டி, வெள்ளைக் காடாத் துணியில் சுற்றி வையுங்கள். ஆரி ஊசியைக் காலி ரீஃபில் குழாயில் செருகி, முனையில் மெஷின் ஆயில் தொட்ட பஞ்சு வைத்தால் கொக்கி துருவேறாது. துருவேறிய கொக்கி பட்டுத்துணியில் நூலை இழுத்துவிடும், பிறகு சரிசெய்ய முடியாது.

ஃபெவிக்விக் வகைப் பசை காற்றின் ஈரத்தோடு சேர்ந்துதான் இறுகுகிறது. அதனால் திறந்த ட்யூபைச் சிலிகா ஜெல் போட்ட சின்ன டப்பாவில் நிமிர்த்தி வையுங்கள். தின்னர், ரெசின் ஹார்ட்னர் போன்றவை பூஜை விளக்குக்கும் அடுப்புக்கும் தூரத்தில், குழந்தைக்கு எட்டாத தட்டில் இருக்கட்டும்.

லேபிளுக்குக் காகித ஸ்டிக்கர் மழைக்காலத்தில் உரியும். மாஸ்கிங் டேப்பில் பெர்மனென்ட் மார்க்கரால் எழுதி, மூடியில் ஒட்டாமல் பெட்டியின் முன்பக்கத்தில் ஒட்டுங்கள். மூடிகள் இடம் மாறும், பெட்டி மாறாது.

எங்கே வாங்கலாம்

பிளாஸ்டிக் பெட்டிகளுக்குப் புதுச்சேரியில் நேரு வீதியும் பெரிய மார்க்கெட்டைச் சுற்றியுள்ள கடைகளும் போதும். கடலூர்க்காரர்களுக்குத் திருப்பாதிரிப்புலியூர், மஞ்சக்குப்பம். ஆன்லைனில் வாங்கினால் மேலே சொன்ன குலுக்கல் சோதனையும் தாள் சோதனையும் செய்ய முடியாது என்பதால், மணிப்பெட்டியையும் காகிதப் பெட்டியையும் நேரில்தான் எடுக்க வேண்டும். ஒரே ரகம், ஒரே அளவில் ஆறு பெட்டி சேர்த்து வாங்குங்கள். ஒன்று இரண்டாக வாங்கினால் அடுத்த முறை அந்த மாடல் வராது, அடுக்கினால் ஒன்றன்மேல் ஒன்று உட்காராது.

காந்தி வீதி ஞாயிறு சந்தையில் துணி, வீட்டுச் சாமான்களுக்கு நடுவே சில்லறை டப்பா, கூடை, ஹூக் எல்லாம் மலிவாகக் கிடைக்கும். அங்கே பெட்டி எடுக்கும்போது மூடியைப் பத்துத் தடவை திறந்து மூடிக் கீலைப் பாருங்கள், நான்கு கிளிப்பும் ஒரே அழுத்தத்தில் ஏறுகிறதா பாருங்கள், வெயிலில் கிடந்து பிளாஸ்டிக் மஞ்சளித்திருந்தால் கீழே வைத்துவிடுங்கள். ரேக்கை மட்டும் சந்தையில் தேடாதீர்கள். ஆங்கிளை அளவுக்கு வெட்டித் தரும் இரும்புச் சாமான் கடையில், பெட்டியின் உயரங்களை எழுதிய சீட்டோடு போய், தட்டுக்குத் தட்டு எத்தனை அங்குலம் என்று சொல்லி மாட்டச் சொல்லுங்கள். பெட்டியின் உயரத்துக்கு மேல் 2 அங்குலம் விட்டால் மூடியைக் கழற்றாமலே இழுக்கலாம்.